சட்டியில் வறுத்த கொட்டை

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்ட வீடுகளில் மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் தங்கினால் காப்பியின் எல்லாக் கட்டங்களையும் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் காலையில் பறித்த பழம் அன்று மாலை டம்ளருக்கு வராது. பல்ப்பரில் தோல் நீங்கிய கொட்டையின் வழுவழுப்பு போக ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் கிடக்க வேண்டும். கழுவியபின் பார்ச்மென்ட் எனப்படும் அந்தக் கொட்டை களத்தில் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பழமாகவே காயப்போடும் செர்ரிக்கு இரண்டு வாரம். அறுவடை நீண்டு நடப்பதால் முந்தைய பறிப்பு களத்திலும் அதற்கும் முந்தையது மூட்டையிலும் இருக்கும். விருந்தாளி ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு வாரத்துக் கொட்டையைத்தான் கையில் எடுக்கிறார்.

பறிப்பில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கிளையோடு உருவினால் கூடை சீக்கிரம் நிறையும். பச்சைக் காயும் சேர்ந்து வரும். அதன் கேடு வறுக்கும்போதுதான் தெரியும். மற்றவை சிவந்தபின்னும் காய்க்கொட்டை வெளுத்தே கிடக்கும், வேர்க்கடலை வாசம் அடிக்கும். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை கிடைக்கிறது என்பதை ஒரு கூடை பறித்தவர் மறக்கமாட்டார்.

வீட்டுக் காப்பிக்குப் பெரும்பாலும் செர்ரிதான். உரலில் இட்டு உலக்கையை ஓங்காமல், எடுத்து எடுத்து வைப்பதுபோல் குத்தி, முறத்தில் புடைத்தால் தொலி பறந்துவிடும்.

வறுப்பில்தான் காப்பி பிறக்கிறது. கனத்த இரும்புச் சட்டி, நிதானமான விறகுத் தீ, ஓயாமல் புரட்டும் கை. இவற்றுக்கு ஈடு இல்லை. முதலில் பச்சைக்கொட்டை ஈரம் விட்டு மஞ்சளாகும். புல் வாசம் போய், சுடுகிற ரொட்டியின் வாசம் வரும். பிறகு நிறம் ஏறி, 200 பாகை செல்சியஸை நெருங்கும்போது முதல் வெடிப்பு கேட்கும், சோளம் பொரிவதைப் போல. கொட்டை உப்பிப் பருக்கும், எடை குறையும். வெடிப்பு அடங்கி, அடுத்த மெல்லிய சடசடப்பு தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு நிமிடங்களில்தான் எல்லாம் இருக்கிறது. கைதேர்ந்த பெண்கள் அந்த நேரத்தில் சட்டியைப் பார்ப்பதில்லை. காதும் மூக்கும் போதும். புகை நீலமாக மாறும் முன்பே சட்டியை இறக்கி, கொட்டையை முறத்தில் கொட்டிப் பரப்பி விசிறுவார்கள். சட்டியிலேயே விட்டால் இறக்கிய பின்னும் அது தன் சூட்டில் கருகிக்கொண்டே போகும். அரபிகாவின் மெல்லிய புளிப்பும் பழ வாசமும் பிழைப்பது இந்த விசிறலில்தான்.

எண்ணெய் கசியும்வரை கருக்க வறுப்பதே ‘ஸ்ட்ராங்’ என்று நகரத்தில் ஒரு ருசி வேரூன்றியிருக்கிறது. அதில் வருவது கரியின் கசப்பு. எந்த மலைக் கொட்டையும் அந்த நிலையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பீபெரி பிரியர்களின் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. பழத்தில் ஒற்றை விதையாக விளைந்த உருண்டை, சட்டியில் தானே உருண்டு எல்லாப் பக்கமும் சீராக வேகிறது. அதன் பெருமை அவ்வளவே; அது தனி ரகம் அல்ல. சிக்கரி நிறமும் கெட்டித்தன்மையும் தரும், பாலுக்கு ஈடு கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு என்றால் சகித்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் 49 சதவீதம் வரை கலக்கச் சட்டம் இடம் தருகிறது; அந்த அளவில் வறுப்பின் குணம் எதுவுமே நாக்குக்கு எட்டாது.

வறுத்த கொட்டையை அன்றே அரைத்து ஃபில்டரில் இட்டால், உள்ளே தங்கிய காற்று பொங்கித் தூளைத் தூக்கிவிடும், தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். ஓர் இரவு ஆறவேண்டும். அதனால் விருந்தாளிக்கு முந்திய நாள் வறுத்ததுதான் கிடைக்கும். கை மெஷினில் ரவைக்கும் மாவுக்கும் நடுவான பதத்தில் அரைத்து, பித்தளை ஃபில்டரில் அழுத்தாமல் பரப்பி, கொதி அடங்கிய தண்ணீரைச் சுற்றி ஊற்றினால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். மலை வீடுகளில் அதைக் கருப்பட்டி போட்டு வரக்காப்பியாகக் குடிப்பதும் உண்டு. பாலில்லாத காப்பி காப்பியே அல்ல என்பவர்கள் அதை ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். வறுத்த கையின் தரம் அதில்தான் ஒளிவு மறைவின்றித் தெரியும்.

இந்த மலைக் கொட்டை அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி வழியாக வெளியூர் போவது நெடுங்கால வழக்கம். சென்னையில் காப்பிக் கடை அரைவை வாசம் தெரு முனைவரை வந்த காலத்தில், வீடுகளில் நூறு கிராம், இருநூறு கிராமாக வாங்கித் தீர்த்தார்கள். இப்போது ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகங்களில் பொத்தானை அழுத்தினால் நுரை வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் மாதக்கணக்கான தூள் பாக்கெட்டில் இருக்கிறது. அரைத்த தூளின் வாசம் சில நாட்களிலேயே இறங்கிவிடும். சட்டியும் விறகும் நகரத்துக்கு வராது, சரி. வறுத்த கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பதற்கு அடுப்புகூட வேண்டாம்.

முதல் டிகாக்‌ஷன் இறங்கிய பின் தோட்ட வீட்டில் மீண்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த இரண்டாவது, வேலைக்கு வந்தவர்கள் புறப்படும் முன் வெல்லத்தோடு எல்லோருக்குமாகப் போடும் காப்பிக்கு. சக்கையைக் காய்கறிப் பாத்தியில் கொட்டிவிட்டு, ஃபில்டரைச் சோப்பு படாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.