ஊரும் சேரியும்: கோட்பாடு பழக ஒரு தொடக்கம்

வாசிப்பு வட்டம் ஒன்றில் இளம் தோழர் ஒருவர் கேட்டார்: 'கதையப் படிச்சா புரியுது தோழர். அதப்பத்தி நீங்க எழுதுறதுதான் புரியல. அப்புறம் எதுக்கு இந்தக் கோட்பாடெல்லாம்?' நியாயமான கேள்வி. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. அதற்குப்பின் என்னைப்போல் பலரும் மேலைப் பெயர்களை உதிர்த்தே காலத்தை ஓட்டினோம். அன்று பெயர்களை ஒதுக்கிவிட்டு நான் சொன்னது இது:

'ஊர்' என்றால் குடியிருப்பு. 'சேரி'யும் குடியிருப்புதான். ஆனால் 'ஊர்க்காரங்க வர்றாங்க' என்று சேரியில் ஒருவர் சொன்னால் அங்கே ஊர் என்பது சேரி அல்லாதது. ஆக, அர்த்தம் சொல்லுக்குள் புதைந்து கிடக்கவில்லை. பிற சொற்களிலிருந்து அது வேறுபடுவதில் உருவாகிறது. சசூர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1916இல் நூலாக வந்த அவரது ஜெனீவா வகுப்புகளின் சாரங்களில் ஒன்று இது. ஆனால் இந்த வேறுபாடு நமக்கு வெறும் மொழி விவகாரமல்ல. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளே ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியாகத்தான் எழுதுகின்றன.

இனி சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலைக்கு வருவோம். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று தீக்கடவுளுக்குக் கண்ணகி சொல்கிறாள். அந்தக் கடவுள் வருவதும் பார்ப்பனக் கோலத்தில். தீயவர் யார்? அந்த ஆணை அதைச் சொல்லவில்லை. விலக்குப் பட்டியலில் இல்லாதவரெல்லாம் எரியக்கூடியவர்தானா? உழைத்துக் களைத்த மதுரைக் கூலியாள் எந்தப் பக்கம்?

'இளங்கோ அப்படி நினைச்சிருக்க மாட்டாரே' என்பார்கள். 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்த ரோலன் பார்த் இங்கே உதவுகிறார்: ஆசிரியன் நினைத்தது பிரதியின் கடைசித் தீர்ப்பு அல்ல. ஆனால் பார்த்தின் வாசகனுக்கு வரலாறு இல்லை, வாழ்க்கை வரலாறும் இல்லை. இந்த இடத்தில் நான் அவரோடு முரண்படுகிறேன். நம் வாசகருக்கு முகவரி உண்டு. அவர் ஊரிலிருந்து படிக்கிறார், அல்லது சேரியிலிருந்து படிக்கிறார். எரியும் மதுரையில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காமல் அவரால் அந்தக் காதையைக் கடக்க முடியாது.

தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'இத நாங்க எப்பவோ கேட்டுட்டோம் தோழர். அதுக்குப் பேரு கோட்பாடுன்னுதான் தெரியாது' என்றார். நான் எழுதத் தொடங்க வேண்டியது அங்கிருந்துதான்.