பீட்டா செல்லை வளர்த்தெடுத்தல்: தட்டிலும் உடலிலும்

கருவில் கணைய மொட்டு பெருகி வளர, அதைச் சூழ்ந்த இடைத்திசு விடுக்கும் வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றான எஃப்.ஜி.எஃப்-10இன் மரபணு நீக்கப்பட்ட எலிகளை அனில் பூஷண் குழுவினர் ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். அந்த எலிகளிலும் மொட்டு அரும்பியது. ஆனால் முன்னோடிச் செல்கள் பெருகவில்லை, கணையம் குறுகியே நின்றது.

கருவில் இத்தகைய காரணிகள் செயல்படும் வரிசையை ஆய்வகத் தட்டில் நடத்திக் காட்டி, ஸ்டெம் செல்லை இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லாக்குவதே இன்றைய ஸ்டெம் செல் முறை. முதலில் ஆக்டிவின், அடுத்து எஃப்.ஜி.எஃப்-7, ரெட்டினோயிக் அமிலம் என ஒவ்வொன்றும் குறித்த நாளில் சேர்க்கப்பட்டுக் குறித்த நாளில் நீக்கப்படுகிறது. ஆக்டிவின் டி.ஜி.எஃப்-பீட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. தொடக்கத்தில் தூண்டப்படும் அதே குடும்பத்தின் குறிகையைக் கடைசிக் கட்டத்தில் தடுத்தாக வேண்டும். முறையின் நுட்பம் முழுவதும் இந்தக் கால ஒழுங்கில்தான் இருக்கிறது. 2006இல் நோவோசெல் நிறுவனம் உண்டாக்கிய செல்கள் இன்சுலின் சுரந்தாலும் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை உணரவில்லை. அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்த செய்முறைகள் 2014இல் வந்தன. 2025இல் முடிவு வெளியான வெர்டெக்ஸ் நிறுவனச் சோதனையில், இப்படி வளர்த்த செல்களை முழு அளவில் பெற்ற வகை 1 நோயாளிகள் 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். இது பெரிய வெற்றிதான். ஆயினும் அவர்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர வேண்டும். அந்தச் சோதனையில் நேர்ந்த இரண்டு மரணங்களில் ஒன்றுக்குக் காரணம் பூஞ்சை மூளையுறைக் காய்ச்சல்.

வளர்ச்சிக் காரணியையே மருந்தாக உடலில் செலுத்தும் வழி இவ்வளவு தூரம் வரவில்லை. எலியின் பீட்டா செல் பெருக்கத்தை சுமார் 17 மடங்கு உயர்த்துவதாக 2013இல் கொண்டாடப்பட்ட பீட்டாட்ரோஃபின் என்ற ஹார்மோன், மறு ஆய்வுகளில் தேறவில்லை. அதை அறிவித்த கட்டுரை 2016 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. இளம் எலியில் கிடைக்கும் முடிவை நடுவயது மனிதருக்கு நீட்டும் அவசரம் இத்துறையில் அடிக்கடி தலைகாட்டுகிறது. வளர்ந்த மனிதரின் பீட்டா செல்கள் அரிதாகவே பிரிகின்றன.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாகக் காணப்படும் கணையக்கல் நோய் இன்னொரு தடையைக் காட்டுகிறது. இளவயதிலேயே நாளங்களில் கல் படிந்து கணையம் நாராகிச் சுருங்குகிறது. பின்னர் நீரிழிவு தொடர்கிறது. நாள்பட்ட கணைய அழற்சியில் டி.ஜி.எஃப்-பீட்டாவும் பி.டி.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியும் கணையத்தின் விண்மீன் வடிவச் செல்களை முடுக்கி நார்த்திசுவைச் சேர்க்கின்றன. பி.டி.ஜி.எஃப் இளம் எலியில் பீட்டா செல்லைப் பெருக்குவதும் உண்டு. ஒரே குறிகை ஓரிடத்தில் செல்லையும் வேறிடத்தில் வடுவையும் வளர்க்கும்போது, அதை இரத்தத்தில் பொதுவாகச் செலுத்துவது ஆபத்தானது.

ஸ்டெம் செல் முறை யாருக்கு என்பதும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறி வேலை செய்யும் ஒருவருக்கு நாற்பது வயதில் சர்க்கரை நோய் வந்தால், அது வகை 2ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலையில் புதுச் செல்கள் மட்டும் போதா. கணையக்கல் நோயாளிக்கோ செல் இழப்புதான் சிக்கல், பீட்டா செல்லைத் தாக்கும் தன்னெதிர்ப்பும் பொதுவாக இல்லை. 2024இல் சீனத்தில் ஒரு பெண்ணுக்குச் செய்ததுபோல், நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே வளர்த்து வயிற்றுத் தசை உறையின் கீழ் வைத்தால், அடக்கு மருந்தின் தேவையும் குறையக்கூடும். அறிவியல் நோக்கில் கணையக்கல் நோயாளிகளே பொருத்தமான பயனாளிகள். முன்னணிச் சோதனைகளோ வகை 1 நோயாளிகளைச் சுற்றியே நடந்துவருகின்றன.