தங்கப் படலத்தின் மேடுபள்ளம்

சிலிக்கன் வில்லைமீது வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்து, கந்தக முனையுள்ள தயோல் மூலக்கூறுகளைக் கரைத்த எத்தனாலில் ஓரிரவு ஊறப்போட்டால் போதும். மறுநாள் அதன்மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் ஒழுங்கான அடுக்கு அமைந்திருக்கும். கந்தக முனை தங்கத்தைக் கவ்விக்கொள்ள, கார்பன் வால்கள் ஒன்றையொன்று ஒண்டிச் சுமார் 30 பாகை சாய்ந்து நிற்கும். ஆய்வாளர்கள் நுஸ்ஸோவும் அல்லாராவும் 1983இல் தயோலுக்கு நெருங்கிய கந்தகச் சேர்மங்களான டைசல்பைடுகளைக் கொண்டு இதற்கு வழிகாட்டினார்கள். விலையுயர்ந்த கருவியோ நுட்பமான கைப்பழக்கமோ அதிகம் தேவைப்படாததால்தான் இம்முறை இத்தனை ஆண்டுகளாக ஆய்வகங்களில் நிலைத்திருக்கிறது.

அந்த எளிமையே ஓர் அலட்சியத்தையும் வளர்த்துவிட்டது. கட்டுரைகள் மூலக்கூறின் தொகுப்பு முறையைப் பக்கம் பக்கமாக விவரிக்கின்றன. உலோகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. ஆனால் ஆவியில் படிந்த தங்கம் சமதளமன்று. பல பத்து நானோமீட்டர் அகலமுள்ள படிகமணிகள் நெருக்கியடித்துக் கிடக்க, அவற்றின் எல்லைகளில் பள்ளங்கள் ஓடும். 16 கார்பன் கொண்ட தயோலின் நீளமோ 2 நானோமீட்டருக்குச் சற்று மேல்; சில பள்ளங்கள் அதைவிட ஆழமானவை. மணியின் சமமான பகுதியில் 5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அணிவகுக்கும் மூலக்கூறுகள், எல்லைக்கு வந்ததும் வரிசை குலைகின்றன.

இந்தக் குறை பலகாலம் கண்ணில் படாததற்கு நீர்த்துளிச் சோதனைக்கும் பங்குண்டு. அடுக்கின்மீது துளியை வைத்துத் தொடுகோணத்தை அளக்கிறோம். 110 பாகை வந்தால் தேர்ச்சி. ஒரு மில்லிமீட்டர் துளியின் அடியில் கோடிக்கணக்கான மணிகள் இருக்கின்றன. கிடைப்பது அவற்றின் சராசரி. நீர் ஒட்டாத பரப்பு வேண்டுமென்றால் சராசரி போதும். மின்னோட்டத்துக்குப் போதாது, ஏனென்றால் அது அடுக்கு மெலிந்த ஓரிரு இடங்களைத் தேடிப்பிடித்து அவற்றின் வழியே பாய்ந்துவிடும். ஒரே வகை மூலக்கூறைக் கொண்டு செய்த டையோடுகளில்கூட அடியிலுள்ள மின்முனையின் மேற்பரப்பைப் பொறுத்துக் கசிவு மாறுவதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நைஹௌஸ் குழு 2014இல் காட்டியது. மூலக்கூறின் குணமென்று முன்பு எழுதப்பட்டவற்றுள் எவ்வளவு உலோகத்தின் குணமோ!

மாற்று வழி 1993இலேயே வந்துவிட்டது: மைக்காமீது தங்கத்தைப் படியவைத்து, மேற்புறத்தைப் பசையால் வேறொரு தளத்தில் ஒட்டி, மைக்காவை உரித்தெடுப்பது. மைக்காவைத் தொட்டிருந்த பக்கத்தின் சொரசொரப்பு 1 நானோமீட்டருக்கும் கீழே. சில கரைப்பான்களில் பசை ஊதிப்போகும் என்பது இதிலுள்ள தொல்லை. சமதளம்தான் எங்கும் மேலானது என்றும் சொல்லிவிட முடியாது. மேற்பரப்பால் வலுப்பெறும் ராமன் அளவீட்டுக்குக் கரடுமுரடான வெள்ளிதான் தொடக்கத்தில் கைகொடுத்தது.

நல்ல சமதளத்திலும் தங்கம் சும்மா கிடப்பதில்லை. தயோல் வந்து ஒட்டும்போது மேலடுக்கு அணுக்கள் இடம்பெயர்ந்து, ஓரணு ஆழக் குழிகள் தோன்றும். நானோதுகள்களில் இது இன்னும் தீவிரம். 102 தங்க அணுக்களும் 44 தயோல்களும் கொண்ட துகளின் படிக அமைப்பை 2007இல் ஸ்டான்ஃபோர்டில் கோர்ன்பெர்க் குழு வெளியிட்டபோது, இரண்டு கந்தகங்களுக்கு நடுவே ஒரு தங்க அணு சிக்கியிருக்கும் பிணைப்பு தெளிவாகத் தெரிந்தது. விளிம்பும் மூலையும் மிகுந்த அத்தகைய துகள்களைக்கூட வழவழப்பான உருண்டையாகவும், சுற்றிலும் சம இடைவெளியில் நிற்கும் வால்களாகவும் வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.