சரையும் பொட்டலமும்

கிளை என்ற சொல்லை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த இடம் எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்த சங்கக்கடையின் பெயர்ப்பலகை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயருக்குக் கீழே கிளையின் இலக்கத்தையும் தாங்கி நின்ற அந்தத் தகரப் பலகை, இதே விலைக்கு இதே நிறையில் இதே சாமான்களை விற்கும் வேறு கடைகளும் அயலூர்களில் உண்டு என்ற சங்கதியை ஏழு வயதுப் பிள்ளைக்கு அறிவித்தது. தொடர்க்கடை என்ற வார்த்தை எங்கள் காதில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே அப்பொருளை நாங்கள் அறிந்திருந்தோம் என்று இன்று நினைத்துப் பார்க்கையில் தோன்றுகிறது. பின்னர் திருச்சிராப்பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருக்கவும், மறுபடி யாழ்ப்பாணத்துக்கே வந்து சேரவும் நேர்ந்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மரக்கறி, சவர்க்காரம் ஆகியவற்றைப் பல கிளைகளையுடைய பெருங்கடைகளில் வாங்கும் வழக்கம் இவ்விரு தேசங்களிலும் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, கையில் பையுடன் இரண்டிடத்தும் வரிசையில் நின்ற அநுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

இவ்விஷயத்தில் எனக்கு உறுதியான விருப்பும் வெறுப்பும் உண்டு. நூறு கிராம் வெந்தயம் கேட்பவரையும் ஒரு மூட்டை அரிசி கேட்பவரையும் ஒரே முகத்தோடு வரவேற்கும் கடையே என் மனத்துக்கு உகந்தது. சிறுகச் சிறுக வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கவும், மொத்தமாக வாங்க வசதியுள்ளவர் குறைவாகக் கொடுக்கவும் ஏற்பாடு செய்துகொண்ட கடை, எத்தனை பளபளப்பான தரை போட்டிருந்தாலும், எனக்கு உகந்ததன்று.

பெருங்கடைகளின் ஆதி சரித்திரம் இரு நாட்டிலும் ஒன்றுபோலவே தொடங்குகிறது. 1844ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய கார்கில்ஸ் ஸ்தாபனமும், 1863ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய ஸ்பென்சர் ஸ்தாபனமும், சீமையிலிருந்து கப்பலேறி வந்த பண்டங்களைத் துரைமாருக்கும், அவர்களுடைய நடையுடை பாவனைகளைப் பின்பற்றிய உள்ளூர்க் கனவான்களுக்கும் விற்பதற்காக எழுந்தவை. கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் கார்கில்ஸின் சிவப்புக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், அதன் வளைந்த தாழ்வாரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கியவர்களுள் எத்தனை பேர் அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்து ஒரு சாமான் வாங்கத் துணிந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

சாதாரண ஜனங்களின் தொடர்க்கடை வேறு வழியில் பிறந்தது. 1904இல் திருவல்லிக்கேணியில், அப்போது அங்கே தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் அவரைப் போன்ற வேறு சிலரும் கூடி, வியாபாரியின் லாபத்துக்குக் கட்டுப்படாமல் தங்கள் வீட்டுச் சாமான்களைத் தாங்களே தருவித்துப் பங்கிட்டுக்கொள்வதற்காக நகரக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே கருதி எழுதப்பட்டது. பண்டகசாலைகளுக்கும் இடங்கொடுக்கும் சட்டம் 1912இல்தான் வந்தது என்பதை நினைத்தால், சட்டத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்ட அந்த மனிதர்களின் தைரியம் வியக்கத்தக்கது. இலங்கையிலோ கடைச் சங்கங்கள் பெருகியதற்குக் காரணம் யுத்தம். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று, பங்கீடு வந்தது, பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஊர்தோறும் ஒரு கை வேண்டியிருந்தது, அந்தக் கையாகக் கூட்டுறவுக் கடைகள் எழுந்தன. அவற்றுக்குச் சரக்கு வழங்குவதற்காக 1943இல் ஏற்பட்ட மொத்த விற்பனை ஸ்தாபனத்தின் சிங்களப் பெயரின் முதலெழுத்துகளே ‘சதொச’ என்று இன்று எல்லோர் வாயிலும் வழங்குகின்றன. 1957இல் சங்கங்கள் பலநோக்குச் சங்கங்களாக மாறின.

ஆகவே திருவல்லிக்கேணியில் கடை பிறந்தது அங்கத்தவர்களின் விருப்பத்தால். எங்கள் தீவில் பிறந்தது தட்டுப்பாட்டால். இந்தப் பிறவி வேற்றுமை லேசானதன்று. இலங்கையில் கடை என்றால் அரசாங்கம் அதன் பின்னால் நிற்க வேண்டும் என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு, பங்கீட்டரிசியின் விலை கொத்து என்ற அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்து, சில வாரங்களில் பிரதம மந்திரியாயிருந்த டட்லி சேனநாயக்க பதவி துறந்ததே போதிய சான்று.

பிறகு இரு கரைகளும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இலங்கையில் எல்லோருக்குமான பங்கீடு சுருக்கப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாகி, கூப்பன் புத்தகம் என்பது தாத்தாமாரின் பெட்டியில் கிடக்கும் பழம்பொருளாயிற்று. 1983இல் கார்கில்ஸ் கொழும்பில் தன் முதல் சுப்பர்மார்க்கெட்டைத் திறந்தது. கீல்ஸ், ஆர்ப்பிக்கோ என்ற நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. தமிழ்நாட்டிலோ 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டு, கூட்டுறவுச் சங்கங்களின் கையாலேயே பெரும்பாலும் நடத்தப்படும் நியாயவிலைக் கடைகள் நிலைபெற்றன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. திருச்சியில் எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்த ஒரு அம்மாள், அரிசியும் பருப்பும் பாமாயிலும் ரேஷனில் வாங்கிக்கொண்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் மட்டும் பெரிய கடைக்குப் போவார். அங்கே பெருங்கடை என்பது ஆசைக்குரிய இடம். இங்கே சம்பளம் வாங்கும் ஒரு சாதாரணக் குடும்பம் அரிசிக்கும் சீனிக்கும் அங்கேயே போகிறது.

எனவேதான் இலங்கைப் பெருங்கடைகளில் பங்கீட்டுக் காலத்தின் ஒழுங்கு இன்னும் வாழ்கிறது என்று நான் கருதுகிறேன். வரிசை குலைவதில்லை, பேரம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு நெருப்புப்பெட்டிகூட வெளியே போவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது, மின்படியில் ஏறிப் பார்ப்பதற்கென்றே ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் உண்டு. இன்று கார்கில்ஸின் சுப்பர்மார்க்கெட்டைக் குறித்து ‘பூட் சிற்றிக்குப் போட்டு வாறன்’ என்பது சந்தைக்குப் போய்வருவதைப் போன்ற சாதாரண வார்த்தை. மரக்கறிப் பகுதியில் நிறுத்துக் கொடுப்பதற்கென ஒரு பிள்ளை நிற்பாள். நாம் பொறுக்கிய கத்தரிக்காயைத் தராசில் வைத்து, விலை அச்சடித்த சிறு ஒட்டுத்தாளைப் பையின் வாயில் ஒட்டித் தருவாள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், நான்கைந்து கரட் அடங்கிய பையைத் தராசில் வைத்துவிட்டு, “எவ்வளவு பிள்ளை வருது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் விலையைச் சொன்னாள். அவர் ஒரு கணம் யோசித்து, “எண்டா ஒரு கரட்டை எடுத்து வையுங்கோ” என்றார். அவள் பின்னால் நின்ற எங்களை ஏறிட்டுப் பாராமல், கரட்டை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்து, மறுபடி நிறுத்து, “இப்ப சரி, ஐயா” என்று புதிய தாளை ஒட்டிக் கொடுத்தாள். பணம் கட்டும் இடத்தில் பலர் முன்னிலையில் குறைக்கச் சொல்ல வேண்டிய வெட்கத்தை, அதற்கு முன்னமே விலையைக் கண்ணில் காட்டிவிடும் அந்தத் தராசு அவருக்கு வராமல் காத்தது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இலங்கைப் பெருங்கடைகளை நான் மெச்சுவேன். மலையக விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி கொள்முதல் செய்ய 1999இல் கார்கில்ஸ் தொடங்கிய சேகரிப்பு நிலைய முறையும் பாராட்டத்தக்கதே.

தமிழ்நாட்டுப் பெருங்கடைகளின் தாய்வீடு ரேஷன் வரிசையன்று, சந்தை. 1905இல் நீலமலையில் வெண்ணெய் விற்பனையாகத் தொடங்கிய நீல்கிரிஸும், 1965இல் கோயம்புத்தூரில் பழக்கடையாகத் தொடங்கிய பழமுதிர் நிலையமும், ஒரு குடும்பத்தின் உழைப்பிலிருந்து கிளைவிட்டுப் பரந்தவை. எத்தனை கிளையாயினும் அவற்றிலும், அவற்றைப் பார்த்து ஊருக்கு ஊர் எழுந்த காய்கறிக் கடைகளிலும் சந்தையின் வாசனை போகவில்லை. திருச்சியில் நான் வாடிக்கையாகப் போன காய்கறிக் கடையில் பில் போடும் பெண், கணக்கு முடிந்ததும் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “கறிவேப்பிலை எடுக்கலையாக்கா? எடுத்துக்கோங்க” என்று ஒரு கொத்தைத் தானே வைத்துவிடுவாள். அதற்கு விலையில்லை, பில்லில் பதிவும் இல்லை. கொசுறு என்ற அந்த ஒரு சொல்லுக்குள், விற்பவரும் வாங்குபவரும் மறுநாளும் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்ற உடன்பாடு அடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவும் இரண்டு பச்சைமிளகாயை மேலே போட்டுத் தருவாள். ஆனால் அந்த வழக்கம் இங்கே பெருங்கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. இங்கே கறிவேப்பிலையும் உறைக்குள் கட்டப்பட்டு விலை ஒட்டப்பட்டிருக்கக் காணும்போது, முற்றத்தில் அந்த மரம் நிற்காத வீடே அருமையாயிருந்த ஊரில் பிறந்த எனக்கு மனம் வருந்துகிறது.

பாஷையிலும் சில நுட்பங்கள் உண்டு. விலைக்குறைப்பை இலங்கையில் ‘கழிவு’ என்று எழுதுகிறோம். திருச்சியில் அச்சொல் குப்பையைக் குறிக்கும், அங்கே ‘தள்ளுபடி’ என்றால்தான் விளங்கும். ஆயினும் தமிழ்நாட்டுப் பெருங்கடைகளின் உள்ளே விலைச்சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதை என்னால் பொறுக்க முடிந்ததில்லை. தமிழ் உத்தியோக மொழியாக ஆவதற்கு இத்தனை அல்லற்பட்ட எங்கள் தீவிலே, பிழைகளோடாவது பொருட்களின் உறைகளில் தமிழ் நிற்கிறது. தமிழே ஆளும் மொழியாயிருக்கும் மாநிலத்திலே, எழுத்தறிந்த ஒரு பாட்டி எந்தப் பருப்பு என்ன விலை என்று பேரனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என் வெறுப்புக்குரிய கடைகள் இரு நாட்டிலும் உள. ஒரு சவர்க்காரத்துக்கு முழு விலை, மூன்று வாங்கினால் நான்காவது இனாம் என்று எழுதி வைக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான்காவது சவர்க்காரத்தின் விலையை, அன்றாடக் கூலியில் ஒன்றே ஒன்று வாங்கிப் போகிறவர் அல்லவா கொடுக்கிறார்? கைப்பேசி எண்ணைச் சொன்னால்தான் பில் என்று பிடிவாதம் செய்வதும் அநியாயமே. அப்படி வற்புறுத்தலாகாது என்று இந்திய அரசின் நுகர்வோர் துறை 2023இல் அறிவுறுத்திய பின்னரும் அக்கேள்வி நின்றபாடில்லை. சென்னையில் ஒரு பெருங்கடையில், நான் கொண்டுபோன துணிப்பையை வாசலிலேயே பிளாஸ்டிக் வாரால் கட்டி முடிச்சிட்டார்கள். பொருள் வாங்கித் திரும்பும்போது வாசற்காவலர் பில்லை வாங்கி, பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எண்ணி, பில்லில் துளையிட்டுத் தந்தார். என்னோடு வந்திருந்த என் தாயார் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸில் ஏறிய பிறகு, “நாங்கள் களவெடுப்பம் எண்டு நினைச்சவையோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கடைக்கு மறுபடி நாங்கள் போகவில்லை.

விலைக்குறைப்பு ஒன்றையே கொடியாக உயர்த்தியவற்றுள் சுபிக்ஷாவின் கதையை எண்ணிப் பார்ப்பது தகும். 1997இல் திருவான்மியூரில் குளிர்சாதனமோ அலங்காரமோ இல்லாத சிறு கடையாகத் தொடங்கி, நடுத்தரக் குடும்பங்களின் மாதச் செலவை மெய்யாகவே குறைத்த அந்த ஸ்தாபனம், பத்துப் பதினோராண்டுக்குள் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகி, கையிலிருந்த பணத்தை மீறிய அந்தப் பெருக்கத்தாலேயே 2009இல் மூடப்பட்டது. நல்ல கடை வேகமாக வளர வேண்டும் என்பதில்லை.

தட்டுப்பாட்டு நாட்களில்தான் ஒரு கடையின் குணம் முற்றாக வெளிப்படுகிறது. தொண்ணூறுகளில், மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தடையிருந்த யாழ்ப்பாணத்தில், நிவாரண அரிசியும் மாவும் சீனியும் எங்கள் கைக்கு வந்தது சங்கக்கடை வழியாகத்தான். இடம்பெயர்ந்து வேற்றூர் போனால் அவ்வூர்ச் சங்கக்கடையில் அட்டையைப் பதிந்துகொண்டோம். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, பெருங்கடைகள் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்து விற்றன. அது சரியான காரியம் என்பேன். அந்த வருஷம் தமிழ்நாட்டு அரசு இலங்கை மக்களுக்கென 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் அனுப்ப முன்வந்தபோது, நியாயவிலைக் கடையை அரை நூற்றாண்டு கைவிடாது காத்த ஒரு சமுதாயத்தின் கைப்பழக்கம் அந்தக் கொடையிலும் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

எங்கள் ஊர்ச் சங்கக்கடை இன்னும் இருக்கிறது. தட்டுகளில் பாதி வெறுமை. பலகையின் எழுத்து மங்கிவிட்டது. மாதச் சாமானை நானும் பட்டணத்தில்தான் வாங்குகிறேன். ஆனால் மிளகும் வெந்தயமும் மட்டும் அங்கே வாங்குவேன். மனேச்சர் பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து, விரலில் சுற்றிக் கூம்பாக்கி, நூறு கிராமை அதில் கொட்டி, வாயை மடித்துச் சரை கட்டுவார். திருச்சியில் நாட்டுமருந்துக் கடைக்காரர் பொட்டலம் மடித்து நூல் சுற்றும் வேகத்துக்கு இவருடைய விரல்கள் சற்றும் குறைந்தவை அல்ல. போன கிழமை, கட்டிக் கொடுத்த சரையை மறுபடி வாங்கி, தராசில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டுத் தந்தார்.