கூலி கேட்காத ரசிகைகள்

பி.டி.எஸ். என்ற ஏழு பேர் கொண்ட கொரியப் பாட்டுக்குழுவின் ரசிகைகளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு 'லிப்ஸ்டிக் போட்ட பசங்க', 'ஆம்பளையா பொம்பளையா' என்று சிரித்துக்கொண்டிருந்த இடங்களிலேயே இன்று 'இந்தக் குழு என்னைக் காப்பாற்றியது' என்ற சாட்சியங்கள் வருகின்றன. சிரிப்பு அடங்கியது நல்லதுதான். அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும் வாதம்தான் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஏழு பேரின் பாட்டு ஒரு பெண்ணுக்குத் தன்மேல் மதிப்பை உண்டாக்குகிறது, தோழிகளைத் தருகிறது, உலகத்தைத் திறந்து காட்டுகிறது. ஆகவே அந்த ரசிகக் கூட்டத்தில் குறை சொல்பவர் கேலிக்காரர்களின் கட்சி என்கிறார்கள். முதல் பாதியை ஏற்கிறேன். அந்த 'ஆகவே'யை ஏற்க முடியவில்லை.

கேலி அநியாயமானது என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கட்அவுட்டுக்குப் பாலூற்றுவது நம் ஊரில் வீரம். 2023 ஜனவரியில் 'துணிவு' படம் வெளியான இரவு, சென்னையில் தியேட்டர் வாசலில் லாரிமேல் ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து செத்தார்; அப்போதும் பையன்களின் ரசனையை யாரும் நோய் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் கரூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண்கள் மூவர், ஏறத்தாழ 14,000 ரூபாயோடு பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கிளம்பினார்கள். ஈரோடு, சென்னை, பிறகு விசாகப்பட்டினம், அங்கே கப்பல் ஏறினால் கொரியா என்பது திட்டம். சென்னையோடு தைரியம் தீர்ந்துபோய், திரும்பும் வழியில் சாப்பாடு வாங்கக் காட்பாடியில் இறங்கி ரயிலைத் தவறவிட்டார்கள். போலீஸ் மீட்டது. மூவரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரிந்த அடுத்த நிமிடமே தமிழ்நாடு சிரிக்கத் தொடங்கிவிட்டது. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுக் கோடம்பாக்கத்துக்கு ஓடிய ஆண்பிள்ளைகளின் கதையை மட்டும் நாம் இன்றும் வெற்றிக் கதையாகச் சொல்கிறோம்.

காட்பாடியைத் தாண்டி ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் என்று வந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு. இங்கேயும் நோட்டு அட்டையில் ஊதா மையால் அந்த மூன்றெழுத்தை எழுதிவைத்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். ஜவ்வாது மலையில் எத்தனையோ வீடுகளில் அப்பா காபித் தோட்டத்திலோ திருப்பூரிலோ இருக்கிறார். வீட்டில் ஒரு போன் இருப்பதே அவரோடு பேசத்தான். அந்தப் போனில்தான் இந்த ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். மலையின் மேளமும் பாட்டும் இந்தப் பிள்ளைகளால் அழிகின்றன என்று புலம்புகிற பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். கல்யாண வீட்டில் மைக்செட் வைத்துச் சினிமாப் பாட்டு போட்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளா என்ன?

அந்தப் பாட்டு இந்தப் பெண்களுக்கு எதையோ கொடுத்திருக்கிறது. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தைத் தானாகவே படித்துக் கற்றவள் இருக்கிறாள். ஊர் எல்லை தாண்டாத ஒருத்திக்கு மணிப்பூரிலும் மதுரையிலும் தோழிகள். 2021-இல் கோவிட் இரண்டாம் அலை அடித்தபோது இந்திய ரசிகர்கள் ஒரு நாளைக்குள் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல் நிவாரணம் திரட்டினார்கள். அந்த வேகம் நம் ரசிகர் மன்றங்கள் பலவற்றுக்கு வராது. குழுவின் தலைவர் ஆர்.எம். 2018 செப்டம்பரில் ஐ.நா. அவையில் நின்று, உன் பெயரைச் சொல், உன் குரலில் பேசு என்று இளையவர்களிடம் சொன்னதும் வெறும் பேச்சல்ல. அதைக் கேட்டு வகுப்பில் எழுந்து பேசத் துணிந்தவர்கள் உண்டு. இவ்வளவும் வரவு.

இனி என் குறை. இந்த ரசனைக்குள் ஒரு வேலை இருக்கிறது. புதுப் பாட்டு வந்ததும் ரசிகைகளுக்கு நடைமுறைக் குறிப்பு வந்துவிடும்: ஒலியை அணைக்காதே, அதே வீடியோவைச் சுற்றவிடாதே, எந்திரம் ஓட்டியது என்று யூடியூப் கழித்துவிடும், நடுவில் வேறு இரண்டு வீடியோ பார்த்துவிட்டு மறுபடி வா, இத்தனை மணிக்குள் இத்தனை கோடி. 2021 மே மாதம் 'பட்டர்' பாட்டின் வீடியோ முதல் 24 மணி நேரத்தில் 10 கோடியே 82 லட்சம் பார்வைகளைத் தொட்டது இந்த உழைப்பால்தான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்ட்ரீமிங்'. பாட்டுக் கேட்பது எந்த இடத்தில் நின்று எண்ணிக்கை ஓட்டுவது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டால், விவரமான ரசிகைகளுக்கே பதில் சொல்லத் தெரிவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, காதில் எதுவும் மாட்டாமல், எண் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவள் பாட்டுக் கேட்கவில்லை. 28 நாளைக்கு ஏறத்தாழ 300 ரூபாய் ரீசார்ஜ். அது காபிக்கொட்டை பறித்த காசு.

அந்த இரவுக்குப் பலன் என்ன? அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் பி.டி.எஸ். முதலிடம் பிடிக்கும்போதெல்லாம் உலகமெங்கும் ரசிகைகள் அழுகிறார்கள். அந்தப் பட்டியலோ அமெரிக்காவுக்குள் கேட்டதையும் வாங்கியதையும் மட்டுமே எண்ணுகிறது. புதூர்நாட்டில் விடிய விடிய ஓட்டியது அதில் ஒரு புள்ளிகூட ஏறாது. ஏறும் இடம் யூடியூப்பின் மொத்தக் கணக்கு. அதிலிருந்து வரும் விளம்பரப் பணம் யூடியூப்புக்கும் குழுவை நடத்தும் ஹைப் கம்பெனிக்கும் போகிறது. ஐ.நா.வில் 'உன் பெயரைச் சொல்' என்று கேட்டவரின் பாட்டுக்காக விழித்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் பெயர் கிடையாது.

'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சேர்ந்து செய்வதில் ஒரு மகிழ்ச்சி' என்பார்கள். கட்டாயப்படுத்தவில்லைதான். ஓட்டாவிட்டால் 'அவர்கள் நமக்காக இவ்வளவு செய்தார்களே' என்ற குற்ற உணர்ச்சி வருகிறதே, அதற்கு என்ன பெயர்? ஒரே ஆல்பத்தை நாலைந்து அட்டையில் போட்டு, எந்தப் படம் வரும் என்று தெரியாத போட்டோகார்டை உள்ளே வைத்து விற்பது, பிரியமானவனின் முகம் கிடைக்கும்வரை வாங்கத்தானே? 'உன்னை நேசி' என்று பிரசாரம் செய்கிற குழுவின் கடையில் போதாமையே சரக்காக இருக்கிறது. காசில்லாத மலைப்பெண் ஆல்பம் வாங்க முடியாது. ஆகவே அவள் தூக்கத்தைக் கொடுக்கிறாள்.

இது அன்பா, கணக்கா என்பதற்கு ஒரு நாள் போதுமான சாட்சி. 2022 ஜூன் 14 அன்று ஏழு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குழுவேலையைச் சற்று நிறுத்தித் தனித்தனியாக இயங்கப்போகிறோம் என்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். கே-பாப் எனும் கொரிய பாப் இசையின் ஏற்பாடு ஒரு மனிதனை முதிர்ச்சியடைய விடுவதில்லை என்று ஆர்.எம். வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் ஹைப் கம்பெனியின் பங்கு ஏறத்தாழ கால்வாசி சரிந்தது. இது பிரிவு அல்ல, நிறுத்தமும் அல்ல என்று கம்பெனி அவசரமாக விளக்கம் கொடுத்தது. களைத்துப்போனேன் என்று பாடகனே சொல்கிறான். அவனை ஓய விடாத எண்ணிக்கையில் ரசிகையின் இரவும் ஒரு பங்கு. இதை அவளிடம் யார் சொல்வது? பரிந்து பேசுகிறவர்கள் சொல்லவில்லை.

கரூர்ப் பிள்ளைகள் ரயிலேறிய அந்த ஜனவரியில், ஏழு பேரும் கட்டாய ராணுவப் பணியில் இருந்தார்கள். கடைசி நால்வர் 2023 டிசம்பர் 11, 12 தேதிகளில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சியோலில் போய் இறங்கியிருந்தாலும் குழுவாகப் பார்க்க யாரும் இல்லை. கடை மட்டும் மூடவில்லை. முன்பே பதிவு செய்த தனிப்பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. 2023-இல் ஹைப்பின் ஆண்டு வருவாய் முதல் முறையாக 2 லட்சம் கோடி வோனைத் தாண்டியது. பி.டி.எஸ். ஒன்றால் மட்டும் வந்த தொகை இல்லை என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பாடகன் முகாமில் இருக்கும்போதும் ரசிகையை வேலையில் வைத்திருக்கத் தெரிந்த ஏற்பாட்டை வெறும் இசை என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை.

நம் ரசிகர் மன்றங்களை நான் பெருமையாகச் சொல்கிறவன் இல்லை. அவற்றிலும் கூலியில்லா உழைப்புதான். தலைவனுக்கு நாற்காலி, தொண்டனுக்குத் தடியடி. ஆனால் மன்றத்துக்காரனுக்குத் தெருமுனையில் ஒரு பலகை மிஞ்சியது. ரத்ததான முகாமில் ஊர் அவன் முகத்தைப் பார்த்தது. எம்.ஜி.ஆர். மன்றத்தில் கொடி கட்டியவர்களில் சிலர் பிறகு கவுன்சிலரும் ஆனார்கள். புதூர்நாட்டுப் பெண்ணின் உழைப்பு அவள் ஊரில் எந்தத் தடமும் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கே தெரியாது. அவளைத் தோழிகளோடு சேர்த்தது இந்தக் குழு என்று சொல்வது உண்மை. அந்தத் தோழமைக்கு ஷிப்ட் போட்டதும் அதே ஏற்பாடுதான். ரசிகைகளே விரும்பி எடுத்துக்கொண்ட ஷிப்ட் என்பதால் கம்பெனிக்குச் செலவும் இல்லை, பழியும் இல்லை.

2025-இல் ஹைப் மும்பையில் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. இனி சரக்கு இன்னும் பக்கத்தில் வரும். இங்கேயே பாடகர்களைத் தேடிப் பிடிப்பார்கள், இங்கேயே குழுக்கள் உருவாகும். நாளைக்கு அதில் ஒரு தமிழ்ப் பெண் ஆடுவாள், நாமும் பெருமைப்படுவோம். எண்ணிக்கை ஓட்டும் வேலை அப்போது தமிழிலேயே வரும்.

மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனைப் பிடுங்காதீர்கள், பி.டி.எஸ். பெயரைச் சொல்லிச் சிரிக்கவும் செய்யாதீர்கள். எந்தப் பாட்டு பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள், நன்றாகவே சொல்வார்கள். பிறகு, நேற்றிரவு எத்தனை தரம் ஓட்டினாய், அந்தக் காசு யாருக்குப் போனது என்று கணக்கு வகுப்பில் சேர்ந்தே போட்டுப்பாருங்கள்.