விண்ணிலிருந்து வந்த விருந்தும் மலையடிவாரத்து மாந்தரும்

உடப்புசல்லாவை போன்ற மலைத்தோட்டங்களில் மூடுபனி விலகிய இரவுகளிலே விண்மீன்கள் கைக்கெட்டும் அணிமையில் நிற்பனபோலத் தோன்றும். அவற்றை அண்ணாந்து நோக்குவார்க்கு, இப்பேரண்டத்தில் மானிடன் தனியன்தானோ என்னும் வினா எழுதல் இயல்பே. 1995 முதல் பிற ஞாயிறுகளைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கு மேல் கண்டறியப்பட்டும், ஒன்றிலிருந்தேனும் குரல் வந்திலது. அவ்வினாவை ஈழத்து மலையொன்றின்மேல் வைத்து எழுதிய நாவல் ஒன்றுண்டு. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையை வாழ்விடமாகக் கொண்ட ஆதர் சி. கிளாக், 1979இல் வெளியிட்ட 'சுவர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்பதே அது.

கதை நிகழும் தப்ரபேன் தீவு, நிலநடுக்கோட்டை நோக்கித் தெற்கே நகர்த்தப்பட்ட இலங்கையே. 2,243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாதமலை அங்கே இருமடங்கு உயர்ந்து 'சிறீகந்த' ஆகின்றது. அதன் உச்சியினின்று விண்ணுக்கு ஏறுபாதை சமைக்க மோர்கன் என்னும் பொறியியலாளன் முயல, உச்சியிலுள்ள பௌத்த மடம் இடங்கொடாது நிற்கின்றது. இதற்கு முன்னரே 'ஸ்டார்கிளைடர்' என்னும் வேற்றுலகப் பொறி ஞாயிற்று மண்டலத்தூடே சென்று மாந்தரோடு உரையாடிவிட்டது. தோமஸ் அக்குவைனாசின் இறையியற் பெருநூலை அது பிரித்து ஆராய்ந்து பொருளற்றதெனத் தள்ளவே, சமயவாதங்கள் ஓய்ந்தன என்கிறார் ஆசிரியர்.

வந்தது உயிரன்று, பொறி என்று அமைத்தது கிளாக்கின் நுண்மதி. அது பேசுகின்றது, நில்லாது போய்விடுகின்றது. அதனை ஏவியவரோ எட்டாத் தொலைவினர். மானிடன் தனியன் அல்லன் என்பது தெளிந்தபின்னும் அவன் தனிமை தீர்ந்தபாடில்லை. நாவலின் சிறந்த பகுதி இதுவே.

ஆயினும், ஒரு திருச்சபையின் தருக்கம் இடிந்ததும் உலகத்துச் சமயமெல்லாம் இடிந்ததாகக் கொள்வது பொருந்துமா? திருவண்டப்பகுதியில் மணிவாசகர் காணும் அண்டங்கள் எண்ணில் அடங்காதன. வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் துகள்கள் போல்வன. சைவசித்தாந்தத்திலோ உயிர்கள் எண்ணிலி. மானிட யாக்கை அவை எடுக்கும் உடல்களுள் ஒன்று மட்டுமே. இந்நெறியினர்க்கு வேற்றுலகத்தான் வருகை வியப்பாகலாம், பேரிடியாகாது. (அண்டங்களைப் பாடியமையால் மணிவாசகர் வானநூல் வல்லுநர் என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். அவர் பாடியது இறைவன் பெருமையை, கோள்களின் கணக்கையன்று.) நாவலிலும் துறவிகள் மலையை விட்டு இறங்குவது பொறியின் தருக்கத்தாலன்று. வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையுமாயின் மடம் வீழும் என்னும் பழங்கதை, புயலொன்றால் மெய்யாகிவிட, அவர்கள் இறங்குகின்றனர். கதைஞராகிய கிளாக், வாதியாகிய கிளாக்கினும் சமய உள்ளத்தை நன்கு அறிந்தவர் போலும்.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. மார்கழி முதல் வைகாசி வரை சிவனடி எனவும் புத்தரடி எனவும் ஆதாமின் அடி எனவும் பல சமயத்தாரும் ஏறும் மலை, கதையினுள் ஒரு மடத்தின் உடைமையாய்ச் சுருங்கிவிட்டது. அதன் அடிவாரத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் தமிழர் கதையை நடத்தும் மாந்தருள் இலர். எதிர்காலக் கதையில் அவர்க்கு இடம் ஏது என்பார்க்கு, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மன்னன் காளிதாசனுக்குப் பல இயல்கள் ஒதுக்கப்பட்டமையே விடை. பழமைக்கு இடமிருந்தது, உழைத்தோர்க்கே இல்லை. விண்மீன்களுக்கு அப்பாலுள்ள அறிவுயிரைத் தேடிச்சென்ற பார்வை, கொழுந்துக்கூடை சுமந்து அருகே நின்றோரைக் கடந்து போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது; 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. நாவல் அச்சேறிய 1979இலும் எந்நாட்டுக் குடியுரிமையுமின்றி அம்மலைகளில் வாழ்ந்தோர் மிகப் பலர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலேதான்.