எண் பதிந்தால்தான் உயிர் வரும்: எச்.எக்ஸ்.890 கை ரேடியோ

திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து போகும் பைபர் போட்டுகளில் பலருக்கும் கைபேசிதான் துணை. கவரேஜ் விட்டுப்போகும் தூரத்தில் அதற்கு மாற்றாகுமா என்று பார்க்கத்தான் ஸ்டாண்டர்ட் ஹொரைசனின் எச்.எக்ஸ்.890ஐக் கடலுக்குக் கொண்டுபோனேன்.

6 வாட் வலு, உள்ளேயே ஜீ.பி.எஸ். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். நனைந்ததும் விளக்கு மின்னும். ஈரக்கையிலும் வழுக்கவில்லை. இரைச்சல் குறைக்கும் வசதியைப் போட்டதும், எஞ்சின் ஓடும்போதே என் பேச்சு மறுமுனையில் தெளிவாகக் கேட்டது.

இதன் உயிர்நாடி மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் 70ஆம் சனலில் அபாய அழைப்பு போகும்: யார், எந்த இடம், என்ன நேரம். எட்டும் தூரத்திலுள்ள, இந்த எண்முறை அழைப்பை (டி.எஸ்.சி.) ஏற்கும் ரேடியோக்கள் எல்லாம் அலறும். பிறகு 16ஆம் சனலில் பேசலாம். இந்தப் பொத்தானைச் சோதனைக்காக ஒருபோதும் அழுத்தக் கூடாது. அதற்கென உள்ள சோதனை அழைப்பையே நான் பயன்படுத்தினேன்; அடுத்த போட்டிலிருந்த ரேடியோ உடனே பதில் தந்தது.

'யார்' என்பதற்கு விடை எம்.எம்.எஸ்.ஐ. எனும் ஒன்பது இலக்க எண். அதைப் பதியாவிட்டால் டி.எஸ்.சி. இயங்காது. அந்த எண்ணில் நாட்டைக் காட்டும் குறி இலங்கைக்கு 417, இந்தியாவுக்கு 419. நம் கப்பல்களின் எண் 417 என்றும், கரை நிலையங்களுடையது 00417 என்றும் தொடங்கும். கை ரேடியோக்களுக்குச் சர்வதேச முறை ஒதுக்கியிருப்பது 8417. திருகோணமலையிலுள்ள பிரீமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலுக்கும் இத்தகைய எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்து அழைத்தால் அந்தக் கப்பலில் மட்டும் மணி அடிக்கும். கப்பல் கொடி மாறினால் இந்த எண்ணும் மாறும். ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணோ கப்பலை உடைக்கும்வரை மாறாது.

போட்டின் மேல் எழுதியிருக்கும் கடற்றொழில் பதிவு இலக்கம் வேறு, எம்.எம்.எஸ்.ஐ. வேறு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் ரேடியோவை இயக்கக் கூடாது. வாய்க்கு வந்த எண்ணைப் பதிந்தால், ஆபத்தில் தேடுவோர் வேறொரு கலத்தைத் தேடிப் போவார்கள். பதியும்போது கருவி இருமுறை கேட்கிறது. நிதானமாகப் பதியுங்கள், பின்னர் திருத்துவது எளிதல்ல. பழைய கருவி வாங்குபவர்கள் முந்தைய எண்ணை முகவரிடம் நீக்கிக்கொள்ள வேண்டும்.

தூரம்தான் இதன் எல்லை. வி.எச்.எப். அலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது. சிறு போட்டுகள் இரண்டுக்கிடையே ஏறத்தாழ 5 கடல் மைல்தான் எதிர்பார்க்கலாம். பலநாள் கலங்களுக்கு இது போதாது. செய்மதி வழியாக அழைக்கும் 406 மெகாஹேர்ட்ஸ் ஈபேர்ப் கட்டாயம் வேண்டும்.

திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் போட்டுகளும் கரையோரத் தொழிலாளரும் தயங்காமல் வாங்கலாம். தனியாக ஒருவர் வாங்குவதைவிட, கடற்றொழிலாளர் சங்கமே ஒரு துறையின் போட்டுகளுக்கெல்லாம் சேர்த்து உரிமம் கேட்பது மேல். பக்கத்துப் போட்டிலும் டி.எஸ்.சி. ரேடியோ இருந்தால்தான் அந்த அழைப்பைக் கேட்டு முதலில் ஓடிவர ஆள் இருக்கும்.